செம்மேட்டுக் கசிவியல்: மலையேறிய பழங்கார்களின் குளிர்நீர் இழப்பு பற்றிய பேராய்வுக்கு ஒரு பாயிரம்

1. நூல் நுதலியது

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையின் அடிவாரமான காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து செம்மேட்டை அடையும் பழைய கார், அங்கு வல்வில் ஓரியின் சிலைக்குச் சற்றுத் தொலைவில் நிறுத்தப்பட்டதும், தன் முன்புறத்தின் அடியிலிருந்து ஒருவகை நீர்மத்தைச் சொட்டத் தொடங்குகிறது. மலைக்குக் கார் ஏறிய நாள்தொட்டு இந்நிகழ்ச்சி நடந்துவருவதாயினும் இதனை முறைப்படி ஆராய்ந்த நூல் தமிழில் இல்லை. ஒரு பொருளைப் பற்றி நூல் இல்லை என்பதே அதைப் பற்றி நூல் செய்யப் போதிய காரணம் என்பது ஆய்வுலகம் ஒப்பிய நெறியாகலின், அக்குறையை நிறைக்க இக்கட்டுரை எழுகிறது.

பழைய கார் என்பது, விற்கும்போது உடையவரால் ‘நல்ல கண்டிஷன்’ என்றும், மலையேறும்போது அவராலேயே ‘பார்த்துப் போகணும்’ என்றும் சொல்லப்படும் ஊர்தியாகும். வங்கத்து உத்தர்பாராவில் பிறந்து 2014இல் உற்பத்தி நின்ற அம்பாசிடர், அதே ஆண்டில் ஓய்வுபெற்ற மாருதி 800, அவ்விரண்டுக்கும் முன்பே விடைபெற்ற பத்மினி ஆகியன இவ்வகையின் தலைமக்கள். ஓரி ஏறிய குதிரைக்கும் ஓரி என்றே பெயர் என்பது சிறுபாணாற்றுப்படையால் அறியப்படுவதால், ஊர்திக்கும் உடையவனுக்கும் ஒரே பெயர் வழங்கும் மரபு இம்மலைக்குப் புதிதன்று. ‘அம்பாசிடர் ஓரமா நிக்கிறார், பாத்து வாங்க’ என்னும் இக்கால வழக்கை அதன் எச்சமெனக் கொள்வாரும் உளர்.

2. சொல்லாராய்ச்சி

எஞ்சினைச் சுற்றிவந்து அதன் வெப்பத்தை ரேடியேட்டருக்குக் கொண்டுசேர்க்கும் நீர்மம் கூலண்ட் எனப்படும். ரேடியேட்டராவது, மெல்லிய குழாய்களும் தகட்டுச் செதில்களும் கொண்டு, தன்னுள் வரும் வெப்பத்தை வழிப்போக்குக் காற்றுக்கெல்லாம் வாரி வழங்கும் பெட்டி. ஈகையால் அது கடையெழு வள்ளல்களோடு வைத்து எண்ணத்தக்கதேனும், எண்ணிக்கை ஏழோடு முடிக்கப்பட்டுவிட்டது.

‘கூலண்ட்’ என்னும் சொல், வெப்பத்தை அண்டிக் குளிர்விப்பது என்னும் பொருளில் ‘குளிரண்டு’ என்று தமிழில் பிறந்து, கடல்கடந்து, பிறர் நாவில் தேய்ந்து, தாயகம் மீண்டது என்பது ஒரு சாரார் கொள்கை. பழைய ரேடியேட்டரின் உள்ளே துருக்கலந்த நீர் கேழ்வரகுக் கூழ்போல் நிற்பதால் ‘கூழண்டம்’ என்பதே மூலம் என்பது மறுசாரார் துணிபு. இக்கருத்து வேறுபாட்டால் இரு சாராரும் பல்லாண்டுகள் ஒருவரோடொருவர் பேசாதிருந்து, பின்னர் ஒரே தேர்வுக்குழுவில் அமர நேர்ந்தபோது மட்டும் உடன்பட்டனர் என்பர். ரேடியேட்டரின் மூடியைத் திறந்து பார்த்தவர் எவரும் இரு சாராரிலும் இல்லை.

இந்நீர்மம் உண்மையில் தண்ணீரோடு எத்திலீன் கிளைகாலும் துருத்தடுப்பிகளும் கலந்தது. செம்மேட்டில் தண்ணீர் உறைவதில்லையே, கூலண்ட் எதற்கு என்று குழாய்த் தண்ணீரையே ஊற்றுவோர், உறையாமற் காப்பது அதன் தொழில்களுள் ஒன்றே என்பதையும், வார்ப்பிரும்பு துருப்பிடியாமற் காப்பதும் கொதிநிலையை உயர்த்துவதும் எஞ்சிய தொழில்கள் என்பதையும் மறந்தவராவர். எத்திலீன் கிளைகால் இனிப்பும் நஞ்சும் ஒருங்கே உடையதாகலின், குட்டையின் நிறத்தைக் கண்ணாலும், மணத்தை மூக்காலும், வழுவழுப்பை விரலாலும் ஆராயலாமேயன்றிச் சுவையால் ஆராய்தல் ஆகாது. அவ்வாறு ஆராய முற்படும் தெருநாய்களையும் குழந்தைகளையும் விலக்குதல் ஆய்வாளர் கடன்.

3. பாகுபாடு

கசிவு புறக்கசிவு, அகக்கசிவு என இருவகைப்படும். புறக்கசிவாவது நீர்மம் எஞ்சினுக்கு வெளியே போதல். அகக்கசிவாவது உள்ளுக்குள்ளேயே போதல். புறக்கசிவின் விரி வருமாறு.

ஓஸ் கசிவு: ரேடியேட்டரையும் எஞ்சினையும் இணைக்கும் ரப்பர்க் குழாய் முதிர்ந்து, அழுத்தினால் மொறுமொறுக்கும் நிலையையோ கொழகொழக்கும் நிலையையோ எய்தி, விரிசல் காணுதல்.

ரேடியேட்டர்க் கசிவு: குழாய்களின் பற்றவைப்பு விட்டுப்போன இடத்தில் நீர் உலர்ந்து, வெண்மையாகவோ பச்சையாகவோ பொருக்கு விட்டுச் செல்லுதல்.

வாட்டர்பாடிக் கசிவு: நீரை உந்திச் சுழற்றும் பம்பின் அடியில் ஒரு சிறு துளை உண்டு, பம்பின் உட்சீல் தேய்ந்தால் நீர் பேரிங்கினுள் புகாமல் அத்துளை வழியே வடியும்படி அமைத்திருப்பதால், அத்துளையை எம்சீல் இட்டு அடைப்பவர், அழுகிற பிள்ளையின் வாயைப் பொத்தி நோய் தீர்ந்தது என்பவரை ஒப்பர்.

அடைப்பான் கசிவு: எஞ்சின் கட்டையின் பக்கச்சுவரில் அடித்துப் பொருத்திய கிண்ண வடிவத் தகடு, வெறுந்தண்ணீரால் அரிக்கப்பட்டு ஓட்டையாதல்.

சூடேற்றிக் கசிவு: காரின் உட்புறத்தைச் சூடாக்கும் பெட்டியில் நீர் கசிந்து இடப்பக்க மிதியடி நனையும்; பயணி தண்ணீர்ப் பாட்டிலைக் குறை கூறுவார்.

கிளிப் தளர்வு: ஓஸைப் பிடித்திருக்கும் வளையத்தை ஸ்க்ரூ டிரைவரால் அரைச்சுற்று இறுக்கினால் தீர்ந்துவிடுவதால், இதைக் கொண்டு முனைவர் பட்டம் பெற இயலாது, எனவே விடப்பட்டது.

4. குட்டையின் ஆசிரியர் யார்?

ஔவையார் ஒருவரா பலரா என்னும் வினாவுக்கு ஒத்த இடர்ப்பாடு செம்மேட்டுக் குட்டைகளுக்கும் உண்டு. ஒரு காரின் அடியில் காணப்படும் குட்டை அக்காரினுடையதே என்பதற்கு, அது அக்காரின் அடியில் காணப்படுகிறது என்பதன்றி வேறு சான்றில்லை. முன்னர் அங்கு நின்ற பேருந்தினதாகவோ, நேற்றைய மழையினதாகவோ அது இருத்தல் கூடும். குளிரூட்டி பொருத்திய கார்களிலோ, அக்குளிரூட்டியின் பெட்டியில் படியும் ஈரம் நிறமும் மணமும் அற்ற தூய நீராய் இடப்பக்கத்தில் வடிவது இயல்பு. இதனைக் கசிவென்று கருதி ரேடியேட்டரையே மாற்றிய செய்தி, இடைச்செருகலை மூலபாடமென்று பதிப்பித்த செய்திகளைப்போல், இரக்கத்தோடு மறைக்கப்படுகிறது.

குட்டையின் ஆசிரியரை அறிய முற்காலப் பட்டறையினர் கண்ட முறை, இரவில் காரின் அடியில் ஒரு நாளிதழை விரித்து வைத்துக் காலையில் கறையின் இடத்தையும் நிறத்தையும் படித்தலாகும். நாளிதழின் எப்பக்கத்தை விரிப்பது என்பதில் முன்னிருக்கை உரைகாரர் விளையாட்டுப் பக்கத்தையும், பின்னிருக்கை உரைகாரர் தலையங்கத்தையும் பரிந்துரைப்பர். பின்னதில் கறை விழாவிடினும் படிப்பவர்க்கு வேறுபாடு தோன்றாது என்பது முன்னவரின் மறுப்பு.

5. மூடியும் பாவையும்

கடல்மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் நீர், ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்துக்கு ஒரு டிகிரி வீதம் முன்னதாகவே கொதிக்கும். எனவே 1,000 மீட்டருக்கு மேற்பட்ட செம்மேட்டில் அது 96, 97 டிகிரியிலேயே கொதிக்கத் தொடங்கும். இக்குறையை ஈடுசெய்வது ரேடியேட்டர் மூடியாகும். அதன் வில் சுருளும் ரப்பரும் உள்ளே அழுத்தத்தைத் தேக்கிவைக்கும். சதுர அங்குலத்துக்கு ஒரு பவுண்டு அழுத்தம் கூடினால் கொதிநிலை ஏறத்தாழ ஒன்றரை டிகிரி உயரும். ஆகவே 7 பவுண்டு மூடி சரியாக வேலை செய்தால் செம்மேட்டிலும் நீர் அமைதி காக்கும். ரப்பர் வெடித்திருந்தால், முதல் கியரில் மெல்ல ஊர்ந்து ஏறும் எஞ்சினின் வெப்பத்தில் நீர் பொங்கி வழிகுழாய் வழியே வெளியேறும். இது மூடியின் குற்றமாயினும் பழி ரேடியேட்டர்மேல் விழும். கழுத்துவரை தண்ணீர் நிரப்பியபின் சூட்டில் விரிந்த மிகுதி வழிவதோ எவர் குற்றமுமன்று. நிரம்பியது வழிதல் கசிவாகாது.

இவ்விடத்துக் கொல்லிப்பாவை நினைக்கத்தக்கது. காண்பாரைச் சிரித்து மயக்கிக் கொல்லும் என்று மரபு கூறும் அப்பாவை மலையில் எங்கே உள்ளது என்று நீள எழுதியோருள் சிலர், காரவள்ளித் தேநீர்க் கடைக்கு மேல் ஏறியதற்குச் சான்று கிட்டவில்லை. இக்கட்டுரையின் துணிபாவது, பாவை டேஷ்போர்டில் உள்ளது என்பதே. நீரின் வெப்பத்தைக் காட்டும் முள் நீரில் மூழ்கிய உணரியைச் சார்ந்தது. நீர் முழுதும் வடிந்துவிட்டால், உணரி வெறும் இடத்தில் நின்று குறைந்த வெப்பத்தையே காட்டக் கூடும். எஞ்சின் உருகும் வேளையில் முள் அசையாமல் புன்னகைத்திருக்கும். அப்புன்னகையை நம்பியவர் கெடுவர்.

6. அகக்கசிவும் வெறியாட்டும்

அகத்திணையில் எவர் பெயரும் சுட்டப்படாததுபோல் அகக்கசிவில் குற்றவாளி வெளிப்படுவதில்லை. தரையில் குட்டை இராது. ஆயினும் நீர் நாள்தோறும் குறையும். பெரும்பாலும் இதற்குக் காரணம், எஞ்சின் கட்டைக்கும் அதன் தலைப்பகுதிக்கும் இடையே வைத்த கேஸ்கட் என்னும் தகடு எரிந்து, நீர்வழியும் எரியறையும் கலந்துவிடுவதாகும்.

தலைவியின் உள்நோய் மேனியில் பசலையாகத் தோன்றுவது போல், இந்நோய் எண்ணெய் ஊற்றும் மூடியின் உட்புறத்தில் பால்கலந்த காப்பியின் நிறத்துப் பசலையாகத் தோன்றும். பெருமூச்சு, புகைக்குழாயில் இனிய மணமுடைய வெண்புகையாக வெளிப்படும். மார்கழிக் காலையில் சிறிது நேரம் தோன்றி மறையும் வெண்புகை பனியின் செயலே ஆகலானும், குறுந்தொலைவே ஓடும் காரில் மூடியடியில் சிறிது பசலை இயல்பாகவே படிவதுண்டு ஆகலானும், இவ்விரண்டையும் மட்டும் கொண்டு தீர்ப்புக் கூறலாகாது. குளிர்ந்த எஞ்சினை ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்து இயக்கும்போது கழுத்தில் குமிழிகள் ஓயாது எழுமாயின், அதுவே வலுவான சான்று.

தலைவியின் மெலிவுக்குக் காரணம் அறியாத தாய், வேலனை அழைத்து ஆடறுத்து வெறியாட்டு நிகழ்த்துவது குறிஞ்சித் துறைகளுள் ஒன்று. கொல்லிமலை குறிஞ்சி நிலமாகலின் இத்துறை அங்குக் கார்களுக்கும் நிகழ்கிறது. நீர் குறைவதன் காரணம் அறியாத உடையவர் ஒருவரை அழைப்பார். வந்தவர் முதலில் தெர்மோஸ்டாட்டைப் பலியிடுவார். தெர்மோஸ்டாட்டாவது, எஞ்சின் ஏறத்தாழ 80 டிகிரி சூடேறும்வரை நீரை ரேடியேட்டருக்கு விடாமல் மறிக்கும் வால்வு. ‘நம்ம ஊருக்கு இது தேவையில்லீங்க’ என்னும் மந்திரத்தோடு அது பிடுங்கி எறியப்படும். அடுத்து வாட்டர்பாடி, அடுத்து ரேடியேட்டர். தலைவியோ மேலும் மெலிவாள். மூன்றாம் பலிக்குப் பின்னரே தோழி போன்ற எடுபிடிச் சிறுவன் ஒருவன், ‘அண்ணே, ஆயில் மூடியத் திறந்து பாத்தீங்களா?’ என்று அறத்தொடு நிற்பான்.

7. மூன்று பள்ளிகள்

கண்டறியாமலே தீர்க்கும் நெறியில் மூன்று பள்ளிகள் உண்டு. ஈரோட்டு மஞ்சளைத் தூளாக்கி ரேடியேட்டரில் இடுவது மஞ்சட்பள்ளி. கொல்லிமலை மிளகைப் பொடித்து இடுவது மிளகுப்பள்ளி. நாமக்கல் முட்டையை உடைத்து இடுவது முட்டைப்பள்ளி. மூன்றன் தத்துவமும் ஒன்றே: நீரில் மிதக்கும் துகளோ வெந்து திரண்ட வெண்கருவோ ஓட்டையில் சென்று அடையும் என்பது. சிறு ஓட்டையாயின் சிலபோது அடைவதும் உண்மையே. ஆயின் அடைக்க வேண்டிய துளை எது, அடைக்கக் கூடாத குழாய் எது என்று முட்டைக்குத் தெரியாதாகலின், ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் அது சமநோக்கோடு அடைத்துவிடும்.

முட்டைப்பள்ளி, வெண்கரு மட்டுமே போதும் என்னும் வெண்கலையாகவும், முழுமுட்டையே முறை என்னும் முழுக்கலையாகவும் பிரிந்தது. பிரிவுக்குக் காரணம் ஒரு பாடபேதம். ‘ஒன்றுடைக்க’ என்று ஒரு படியிலும் ‘ஒன்றுகலக்க’ என்று மற்றொரு படியிலும் காணப்படுகிறது (சோளக்காட்டுச் சந்தையிலிருந்து பலாச்சுளை பொதிந்து வந்த தாள், எட்டாய் மடித்ததில் ஆறாம் மடிப்பு, பிசின் படியாமல் எஞ்சிய மூன்று வரிகளுள் நடுவரி, அதற்கு முன்னிருக்கை உரை, அவ்வுரைக்கு நாற்பத்தேழாம் வளைவில் எழுந்த பின்னிருக்கை மறுப்பு, அம்மறுப்பைக் கண்ணாடி இறங்கியிருந்தமையால் பாதியே கேட்ட ஓட்டுநரின் எதிர்மறுப்பு, கைவிரலால் தூசியில் எழுதியது, பானட்டின் வலப்புறம், மழைக்கு முந்திய படி). மழைக்குப் பிந்திய படியில் இவ்விடம் சிதைந்துள்ளதால், சிதைந்த பகுதியில் தத்தம் கொள்கைக்கு அரணான சொல்லே இருந்திருக்க வேண்டும் என இரு கலையாரும் ஐயமின்றி நிறுவியுள்ளனர்.

மஞ்சட்பள்ளியாருக்கு மஞ்சள் மங்கலம் என்பதே வாதம். மிளகுப்பள்ளியாரிடம் ரேடியேட்டருக்குச் சளியா பிடித்தது என்று வினவியதற்கு விடையில்லை. நோயின் முதலை நாடுமாறு கூறும் குறளை இவ்விடத்தில் மேற்கோள் காட்டாத கட்டுரையே இல்லையாதலின், இக்கட்டுரை அதைக் காட்டாது விடுகிறது.

8. முடிபு

மேற்கண்டவற்றால் பெறப்படுவன: எஞ்சின் நன்கு குளிரும்வரை ரேடியேட்டர் மூடியைத் தொடலாகாது, சூடான எஞ்சினில் சிறு கசிவு ஆவியாகிக் கறையை மட்டுமே விட்டுச்செல்லும் ஆகலின், குளிர்ந்தபின் மூடியிருந்த கழுத்தில் கைப்பம்பு மாட்டி, மூடிக்குரிய அழுத்தத்தை ஏற்றி, பம்பின் முள் இறங்குகிறதா என்று பொறுத்திருந்து பார்த்தல் வேண்டும், முள் இறங்கியும் வெளியே ஒரு துளியும் தோன்றாவிடில் அகக்கசிவை ஐயுற வேண்டும், தோன்றினால், துளி விழும் இடத்தைக் கொண்டு முடிவுசெய்யாமல், அது புறப்படும் இடம்வரை மேல்நோக்கித் தொடர வேண்டும்.

இம்முறைக்கெல்லாம் இன்றியமையாத ஒரு கருவியை ஆய்வாளர் எவரும் கையாளவில்லை என்பதும் இவ்வாய்வில் தெரியவந்தது. செம்மேட்டில் நின்ற காரைச் சுற்றி நின்றோர் அனைவரும் நின்றவாறே ஆய்ந்தனர். சாலை 70 முறை வளைந்து காரை மேலே கொண்டுவந்து சேர்த்தது. எழுபத்தோராவது வளைவு முதுகினுடையதாய் இருந்திருப்பின், கீழ் ஓஸின் கிளிப் கண்ணிற் பட்டிருக்கும். ஆயின் அவ்வாறு வளைந்து பார்ப்பதால் இத்துறையில் மேலாய்வுக்கு இடமில்லாமற் போகும் என்பதனால், அதைப் பரிந்துரைப்பதில் அறிஞரிடையே தயக்கம் நிலவுகிறது.