நுனி செருகாத குடும்பம்

கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள், வெங்காயக் கலர், கத்தரிப்பூக் கலர் நான்கும் ஒன்றாகக் கூடி, ஒரே உருண்டையாக என் தையல் மெஷின்மேல் உட்கார்ந்திருக்கின்றன. ஒரு கையால் நுனியைத் தேடிக்கொண்டு மறு கையால் இதை எழுதுகிறேன்.

போன முகூர்த்தத்தில் மாமல்லபுரம் பக்கம் ஒரு ரிசார்ட்டில் கல்யாணம். செங்கல்பட்டில் இத்தனை மண்டபங்கள் காலியாகக் கிடக்க, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தாலி கட்டும்போது பின்னால் கடல் தெரிய வேண்டும். வேன் வாசலில் நின்று ஹாரன் அடிக்கிறது. அந்த நேரம் பார்த்து என் நாத்தனாருக்கு ஜாக்கெட் ஹூக் தெறித்துவிட்டது.

"அண்ணி, ஒரே ஒரு ஊசி நூல் குடுங்க."

விளக்கு வைத்த பிறகு ஊசி கொடுக்கக் கூடாது என்று தட்டிக்கழிக்கலாம். காலை ஆறு மணிக்கு அதற்கும் வழியில்லை. அலமாரியைக் காட்டினேன். டப்பாவைத் திறந்தாள். பச்சையை உருவினாள், பல்லால் கடித்தாள், உடுத்தியபடியே தைத்தாள், கண்டைத் திரும்ப உள்ளே வீசினாள். உடுத்தியிருக்கும் துணியில் ஊசி போடக் கூடாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவளுடைய அம்மாதான். அது மருமகள்களுக்கு மட்டும் எழுதப்பட்ட சாஸ்திரம் போலிருக்கிறது. அதோடு விட்டாளா? "வழியில இன்னொரு ஹூக் போச்சுன்னா?" என்று டப்பாவையும் வேனில் ஏற்றிவிட்டாள். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் சுமார் 30 கிலோமீட்டர். எத்தனை வேகத்தடை என்று அந்த ரோட்டில் போகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. திரும்பவும் அதே 30. மறுநாள் டப்பாவைத் திறந்தால் இந்த உருண்டை. போனில் கேட்டேன். "நான் எடுக்கும்போதே சிக்காத்தான் இருந்துச்சு அண்ணி" என்றாள்.

நூல்கண்டுகளைச் சிக்கில்லாமல் வைத்துக்கொள்ள அருமையான வழி ஒன்று உண்டு. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. அதற்கு முன்னால் ஒரே ஒரு விஷயம்.

நூல்கண்டின் விளிம்பில் ஒரு சின்ன வெட்டு இருக்குமே, அது எதற்கு?

எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. எடுத்த வேலை முடிந்ததும் நுனியை அந்த வெட்டில் செருக வேண்டும். ஒரு நொடி வேலை. படித்திருக்கத் தேவையில்லை, கண்ணாடி தேவையில்லை. ஆனால் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து, நான் தவிர இன்னொரு கை அந்த வெட்டில் நூலைச் செருகி நான் பார்த்ததில்லை. கண்டு வாங்கும்போது நுனி செருகித்தான் வருகிறது. ஃபேக்டரியில் இருக்கும் மெஷினுக்குத் தெரிந்தது என் வீட்டுக்காரருக்குத் தெரியவில்லை.

தைப்பதற்காக யாராவது நூல் எடுத்தால்கூட மன்னிக்கலாம். இந்த வீட்டில் தைப்பதற்கு நூல் எடுப்பது நான் ஒருத்திதான். கொத்தனார் கட்டிய சுவர் நேராக இருக்கிறதா என்று பார்க்க என் வீட்டுக்காரர் வெள்ளைக் கண்டை எடுத்துப்போய், அதில் ஒரு பெரிய நட்டைக் கட்டித் தொங்கவிட்டார். சுவர் கோணல். அதைக் கொத்தனாரிடம் சொல்ல அவருக்குத் தைரியம் வரவில்லை, கண்டின் நுனியைச் செருக ஞாபகமும் வரவில்லை. மாமியார் வாழைநார் தீர்ந்துபோனால் மல்லிகை கட்ட நூல் எடுப்பார். வெள்ளிக்கிழமை வாசலில் எலுமிச்சையும் மிளகாயும் கோக்க எடுப்பார். திருஷ்டிக்குக் கறுப்புதானே வேண்டும் என்றால், "எல்லா நூலும் நூல்தாண்டி" என்று என்னுடைய ராமர் பச்சையை எடுப்பார். மகள் புருவம் திருத்த எடுப்பாள். மகன் வேகவைத்த முட்டையை நூலால் அறுத்தால் சீராக வரும் என்று எங்கோ வீடியோ பார்த்துவிட்டு எடுத்தான். சீராகத்தான் வந்தது. பொன் நிறத்தில் வந்தது, ஏனென்றால் அவன் எடுத்தது என் ஜரிகை நூல். எலக்ட்ரீஷியன் வந்தார், சுவருக்குள் இருக்கும் பைப்பில் வயரை இழுக்க வேண்டும், "அக்கா, கொஞ்சம் நூல்" என்றார். பக்கத்து வீட்டுப் பெண் காலில் கட்டிக்கொள்ள ஒரு முழம் கறுப்பு கேட்டாள். இவர்கள் அத்தனை பேரும் தனித்தனியாக, வெவ்வேறு காலத்தில், ஒருவருக்கொருவர் பேசி வைத்துக்கொள்ளாமல், ஒரே காரியத்தைச் செய்யாமல் விட்டார்கள். கேட்டால் அத்தனை பேர் வாயிலும் ஒரே வாசகம்: நான் எடுக்கும்போதே சிக்காத்தான் இருந்துச்சு.

இந்த வெட்டை வைக்க எவ்வளவு பாடுபட்டிருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். நெப்போலியனிலிருந்து தொடங்க வேண்டும். 1806-இல் அவர் பிரிட்டனோடு யாரும் வியாபாரம் பண்ணக் கூடாது என்று தடை போட்டதில் பட்டு நூல் வரத்து நின்றுபோனது. ஸ்காட்லாந்தில் பெய்ஸ்லி என்று ஓர் ஊர். நம் மாங்காய் டிசைனுக்கே இன்றைக்குப் பெய்ஸ்லி என்று பெயர் சொல்கிறார்களே, அந்த ஊர்தான். அங்கே சால்வை நெய்கிறவர்களுக்குத் தறியில் கட்டப் பட்டு நூல் கிடைக்கவில்லை. கிளார்க் என்ற குடும்பத்தார் பருத்தியையே பட்டுக்கு ஈடாக முறுக்கிக் கொடுத்தார்கள். அது தைக்கவும் நன்றாக இருந்தது. முதலில் சிட்டமாகத்தான் விற்றார்கள். வாங்கிக்கொண்டுபோய் வீட்டில் சுற்றிக்கொள்வது அவரவர் தலையெழுத்து. பிறகு மரக்கட்டையில் சுற்றிக் கொடுக்க அரைப் பென்னி கூடுதலாக வாங்கினார்கள். காலிக் கட்டையைத் திருப்பிக் கொடுத்தால் அந்த அரைப் பென்னி திரும்பக் கிடைக்கும். எங்கள் வீட்டில் அந்த அரைப் பென்னி ஒருநாளும் கிடைத்திருக்காது. இங்கே எந்தக் கண்டும் நூல் தீர்ந்து காலியானதில்லை. சிக்காகி, கத்தரிபட்டு, குப்பைக்குத்தான் போயிருக்கிறது. அந்தக் கிளார்க் கம்பெனியும் அதே ஊர்க் கோட்ஸ் கம்பெனியும் 1896-இல் ஒன்றாயின. தாமிரபரணிக் கரையில் பாபநாசத்துப் பக்கம் 1880-களில் மில் வைத்த ஹார்வி சகோதரர்களின் கம்பெனி, மதுரையில் பெரிதாக வளர்ந்து, 1974-இல் கோட்ஸோடு சேர்ந்து மதுரா கோட்ஸ் ஆனது. இத்தனை கண்டம், இத்தனை நதி, இத்தனை இன்ஜினியர் கடந்து ஒரு நூல் ஒழுங்காகச் சுற்றப்பட்டு, நுனி செருகப்பட்டு, செங்கல்பட்டு ராட்டினங்கிணறு வரைக்கும் வந்துவிடுகிறது. அங்கிருந்து எங்கள் வீட்டு அலமாரிக்கு வந்தபிறகுதான் கெடுகிறது.

இதை ஒருநாள் என் வீட்டுக்காரரிடம் நெப்போலியனிலிருந்து ஆரம்பித்துச் சொன்னேன். 1896 வருவதற்குள் தூங்கிவிட்டார்.

டப்பா என்றால் எந்த டப்பா என்று நீங்கள் கேட்கப்போவதில்லை. உங்கள் வீட்டிலும் அதே நீல டப்பாதான். மூடியில் டென்மார்க்கின் வீடு, உள்ளே நமது காஜா பட்டன். எந்த வீட்டிலும் அதைத் திறந்து பிஸ்கட்டை எடுத்தவர்கள் இன்று உயிரோடு இருப்பதாகத் தெரியவில்லை. என்னுடையது துபாயிலிருந்து வந்தது. வட்டமான தகர டப்பா நூல் வைக்க ஏற்றதல்ல என்பது எனக்குத் தெரியும். கண்டுகள் படுத்தால் உருளும், உருண்டால் அவிழும். நிறுத்தினால் மூடி மூடாது.

அவிழ்ந்த நூல் ஏன் முடிச்சாகிறது என்பதை இரண்டு பேர் உட்கார்ந்து ஆராய்ந்திருக்கிறார்கள். கலிபோர்னியாவில் டோரியன் ரேமர், டக்ளஸ் ஸ்மித் என்று இரு விஞ்ஞானிகள். ஒரு பெட்டிக்குள் கயிற்றைப் போட்டுப் பத்து விநாடி சுழற்றுவது, திறந்து பார்ப்பது, எழுதிக்கொள்வது. இப்படி 3,415 தடவை. 120 வகை முடிச்சு கிடைத்ததாம். 2007-இல் கட்டுரையாக வெளியிட்டார்கள், அடுத்த ஆண்டு சிரிக்கவைக்கும் ஆராய்ச்சிகளுக்காகக் கொடுக்கும் இக் நோபல் பரிசும் வாங்கினார்கள். பத்து விநாடிக்கு 120 வகை என்றால், போக வர 60 கிலோமீட்டருக்கு என்ன ஆகும் என்று என்னிடம் கேட்டிருக்கலாம், சும்மாவே சொல்லியிருப்பேன். ஒன்று மட்டும் அவர்கள் சொன்னதில் எனக்குப் பிடித்தது: 46 சென்டிமீட்டருக்குக் குறைந்த கயிற்றில் முடிச்சே விழவில்லை. 46 சென்டிமீட்டர் என்றால் ஒரு முழம். எனக்கு எம்ப்ராய்டரி கற்றுக்கொடுத்த டீச்சர், ஊசியில் ஒரு முழத்துக்குமேல் கோத்தால் ஸ்கேலால் முட்டியில் தட்டுவார். அவருக்கு யாரும் பரிசு கொடுக்கவில்லை.

அந்தக் காலத்து எம்ப்ராய்டரி நூலாவது சொன்னால் கேட்கும். எட்டு மீட்டர் சிட்டம், ஆறு இழை. ஓர் இழையை மட்டும் பிடித்து நேராக மேலே உருவினால் மற்ற ஐந்தும் சுருண்டு கீழே இறங்கி, உருவி முடித்ததும் தானாக நேராகிவிடும். இரண்டு இழையை ஒன்றாக உருவினால்தான் வம்பு. இப்போது வீட்டுக்கு வீடு ஆரி ஒர்க். புடவை இரண்டாயிரம், ஜாக்கெட்டுக்கு ஐயாயிரம். அதற்கு வாங்குகிற சில்க் த்ரெட் இருக்கிறதே, அதற்கு யாரும் எதுவும் செய்யவே வேண்டாம். வழுவழுப்பில் தானே கண்டிலிருந்து நழுவிக் கீழே குவிந்துவிடும். ஜரிகை அதைவிட மோசம். கண்டை நிறுத்தி வைத்து மேல்பக்கமாக இழுத்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறுக்கு கூடுதலாக ஏறிக்கொண்டே போகும். பிறகு அது சுருண்டு, தன்மேலேயே பின்னிக்கொள்ளும். கண்டு உருள வேண்டும், நூல் பக்கவாட்டில் வர வேண்டும். குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றிய பெரிய கோனுக்கு நேர்மாறு, அது மேல்பக்கமாகத்தான் வர வேண்டும். எங்கள் தெரு டெய்லர் இது ஒன்றும் படித்ததில்லை. சுவரில் ஒரு பலகை, பலகையில் ஆணி, ஆணிக்கு ஒரு கண்டு. அவர் கடையில் சிக்கு விழுந்து நான் பார்த்ததில்லை. அவருக்கு நாத்தனார் கிடையாதோ என்னவோ.

கல்யாணத்தன்று சாப்பாடு முடிந்து, செல்ஃபி எடுக்கிறவர்களிடமிருந்து தப்பிக்க மாமல்லபுரம் கடற்கரையில் கொஞ்சம் நடந்தேன். கரைக்கு ஏற்றிய ஃபைபர் படகின் நிழலில் நான்கைந்து பேர் நண்டு வலையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நண்டு வலையில் மாட்டினால் சும்மா இருக்காது. எட்டுக் காலையும் இரண்டு கொடுக்கையும் வைத்து எத்தனை கண்ணியைச் சுருட்ட முடியுமோ அத்தனையையும் சுருட்டிக்கொள்ளும். ஒவ்வொரு காலாக விடுவிக்கிறார்கள். பேச்சு வேறு எங்கோ போகிறது, விரல் பாட்டுக்கு வேலை செய்கிறது. ஒருவர்கூட நான் எடுக்கும்போதே இப்படித்தான் இருந்தது என்று சொல்லவில்லை. வலையை அறுத்தால் அவர்களுக்கு நஷ்டம். என் வீட்டில் நூலை அறுத்தால் எனக்குத்தான் நஷ்டம், ஆகவே அறுக்கிறார்கள்.

காஞ்சிபுரத்தில் இன்னும் ஆச்சரியம். தறியில் பழைய பாவு முடிந்ததும் புதுப் பாவை அதனோடு இணைப்பவர்கள், ஆயிரக்கணக்கான பட்டு இழைகளை ஒவ்வொன்றாக எடுத்து நுனியோடு நுனி சேர்க்கிறார்கள். முடியை விட மெல்லிசான இழை. ஒன்று மாறினாலும் புடவையில் தெரியும். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது காஞ்சிபுரமும் நாங்களும் ஒரே மாவட்டம். 1997-இல் எங்களை அவர்கள் பக்கம் வைத்து, திருவள்ளூரைத் தனியாக எடுத்தார்கள். 2019 நவம்பர் 29-இல் செங்கல்பட்டைத் தனியாக உருவினார்கள். ஏரி, தாலுகா, கோர்ட், ரேஷன் கார்டு எல்லாவற்றையும் பிரித்து, ஓர் இழை அறுபடாமல் முடித்துவிட்டார்கள். பச்சையையும் கத்தரிப்பூவையும் என்னால் பிரிக்க முடியவில்லை. இந்த உருண்டைக்குள் நுனி கிடைப்பது திருக்கழுக்குன்றம் சங்கு தீர்த்தத்தில் சங்கு பிறப்பது மாதிரி, பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தடவைதான் போலிருக்கிறது.

மகள் மனமிரங்கி ஆன்லைனில் ஒரு பெட்டி வரவழைத்துக் கொடுத்தாள். நல்ல பெட்டி, குறை சொல்லக் கூடாது. கண்ணாடி மாதிரித் தெரியும் மூடி, அறை அறையாகத் தடுப்பு, ஒவ்வொரு அறையிலும் கண்டு அசையாமல் நிற்க ஒரு சின்னக் குச்சி. ஒருநாள் மதியம் முழுக்க உட்கார்ந்து வெளிறிய நிறத்தில் தொடங்கி அடர்த்தி வரைக்கும் வரிசையாக அடுக்கினேன். ஒவ்வொரு நுனியையும் செருகினேன். திறந்து பார்ப்பதும் மூடுவதுமாகவே இரண்டு நாள் சந்தோஷமாகப் போனது. பிறகு அம்மா வீட்டுக்குப் போய்விட்டு வந்தேன். நூலெல்லாம் பழையபடி நீல டப்பாவில். பெட்டிக்குள் என் வீட்டுக்காரரின் மாத்திரைகள். குச்சிகளைக் கட்டிங் பிளேயரால் ஒடித்து எடுத்திருக்கிறார். சர்க்கரைக்கு ஓர் அறை, பிரஷருக்கு ஓர் அறை, வாயுவுக்கு இரண்டு. அட்டைகளை ஒரே அளவாகக் கத்தரித்து, ஓரம் பிசிறில்லாமல், தேதி தெரியும்படி நிறுத்தி வைத்திருக்கிறார். மனிதருக்கு ஒழுங்கே வராது என்றுதான் இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். வரும் என்று தெரிந்த பிறகு எரிச்சல் இரண்டு மடங்காகிவிட்டது.

கோடியில் ஓர் அறை மட்டும் காலியாக இருந்தது. ஜரிகைக்கு அதையாவது விடுங்கள் என்று கேட்டேன்.

"அடுத்த மாசம் டாக்டர் கொலஸ்ட்ராலுக்கு எழுதிக் குடுப்பார்போல இருக்கு" என்றார். "அதுக்கு வேணும்."