மாவு முசியே

காரைக்காலில் வீதிக்கு ஒருவராவது இருக்கக்கூடிய அந்தப் பெரியவரை ஊரார் நேரிலே "முசியே" என்றும், அவர் முதுகைத் திருப்பியவுடன் "மாவு முசியே" என்றும் அழைப்பது வழக்கம். பிரான்சு தேசத்தில் முப்பது வருஷம் உத்தியோகம் பார்த்து, அந்நாட்டுக் குளிருக்கு இரண்டு முழங்கால்களையும் காணிக்கையாகக் கொடுத்துவிட்டு, மாதந்தோறும் யூரோவில் வரும் பென்ஷனோடு பிறந்த மண்ணுக்குத் திரும்பியவர் அவர். காலையில் கடற்கரைச் சாலையில் அரசலாற்றின் ஓரமாகத் தொப்பியுடன் உலாவுவார். மாலையில் வேட்டியுடன் திண்ணையில் அமர்வார். இடைப்பட்ட நேரமெல்லாம் மாவு பிசைவார். அவர் தனி ஒரு மனிதர் அல்லர், ஒரு ரகம். ஆகையால் இன்னார்தாம் என்று யாரும் விலாசம் தேடிப் புறப்பட வேண்டியதில்லை.

இந்த ரகம் நம் ஊரில் உற்பத்தியான விருத்தாந்தம் சற்றுப் பழையது. 1739-ஆம் வருஷம் பிரெஞ்சுக்காரர் வசமான காரைக்கால், 1954 நவம்பர் 1-ஆம் தேதி இந்திய நிர்வாகத்தின் கீழ் வந்தது. 1956-இல் கையெழுத்தான ஒப்பந்தமோ 1962 ஆகஸ்டு 16-ஆம் தேதிதான் அமலுக்கு வந்தது. பிரெஞ்சுப் பிரஜையாகவே நீடிக்க விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்று அதில் ஒரு ஷரத்து இருந்தது. பக்கத்து வீட்டார் "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, முசியேயின் தகப்பனார் முதல் வாரத்திலேயே போய் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். நாளைக்கு உதவும் என்று இன்றைக்கே ஒன்றை ஆயத்தம் செய்து வைத்துவிடுவது அந்தக் குடும்பத்தின் சம்பிரதாயம். தகப்பனார் காகிதத்தில் செய்ததைப் பிள்ளை மைதா மாவில் செய்கிறார், அவ்வளவே வித்தியாசம்.

"பீட்சா இத்தாலிக்காரன் பண்டமாயிற்றே, பிரான்சிலிருந்து வந்த நீங்கள் அதற்கு ஏன் இத்தனை பரிந்து பேசுகிறீர்கள்?" என்று கேட்பவரை அவர் அனுதாபத்துடன் பார்ப்பார். நேப்பிள்ஸ் நகரத்தாரின் பீட்சாக் கலையை யுனெஸ்கோ ஸ்தாபனம் 2017-ஆம் வருஷம் மனிதகுலத்தின் பாரம்பரியச் செல்வங்களில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது என்ற செய்தியைத் தாமே முன்மொழிந்து தாமே வழிமொழிந்தவர்போல் எடுத்துரைப்பார். பிறகு குரலைத் தாழ்த்தி, "தம்பி, பீட்சா சுடுவது கலையே அல்ல, மாவை வைத்திருப்பதுதான் கலை" என்பார். அவருடைய சித்தாந்தம் முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிடும்.

மாவு பிசையும் நாளில் அந்த வீட்டுக்குள் நுழைகிறவர்கள் செருப்பை மட்டுமல்ல, பேச்சையும் வாசலில் விட்டுவிட்டே நுழைய வேண்டும். தங்கம் நிறுக்கும் தராசைப் போன்ற ஒரு சிறு மின்தராசில் மைதா 1 கிலோ, தண்ணீர் 640 கிராம், உப்பு 25 கிராம், ஈஸ்ட் 2 கிராம் என்று மூச்சை அடக்கிக்கொண்டு நிறுப்பார். அப்போது மின்விசிறி ஓடக்கூடாது, ஈஸ்ட் பறந்துவிடும். சித்திரை வைகாசியில் நம் ஊர்க் குழாயில் வருவது தண்ணீர் அல்ல, பாதி காய்ந்த வெந்நீர் என்பதால் ஐஸ் கட்டி மிதக்கும் நீரைத்தான் ஊற்றுவார். உப்பையும் ஈஸ்டையும் ஒரே இடத்தில் குவிக்கமாட்டார். பங்காளிகளை எதிரெதிர்த் திண்ணையில் உட்கார வைப்பதுபோல் ஒன்றை இந்தக் கரையிலும் மற்றொன்றை அந்தக் கரையிலும் வைப்பார். பிசைந்த மாவில் நெல்லிக்காய் அளவு கிள்ளி இரு கைவிரல்களால் இழுத்து, அது கிழியாமல் மெல்லிய சவ்வுபோல் விரிந்து ஜன்னல் வெளிச்சத்தை ஊடே விட்டால்தான் அவர் முகத்தில் வெளிச்சம் வரும். பின்னர் அதை 6 உருண்டைகளாக்கி, ஒவ்வொன்றும் சற்றேறக்குறைய 278 கிராம் இருக்கிறதா என்று மறுபடி நிறுத்து, எண்ணெய் தடவித் தனித்தனி டப்பாவில் இட்டு, மூடிமேல் கிழமையைப் பிரெஞ்சிலே எழுதுவார். "வாந்த்ரெதி" என்றால் வெள்ளி. "சாம்தி" என்றால் சனி. வேலைக்காரப் பெண்ணுக்கு இப்போது பிரெஞ்சுக் கிழமைகள் ஏழும் மனப்பாடம்.

அவ்வளவு பிரயத்தனத்துக்கும் காரணம் இல்லாமல் இல்லை. பிரிட்ஜின் 4 டிகிரிக் குளிரில் ஈஸ்ட் சாவதில்லை, சோம்பல் கொள்கிறது. அது சோம்பிக் கிடக்கும் அவகாசத்தில் மாவிலுள்ள நொதிகள் மாச்சத்தைச் சிறிது சிறிதாகச் சர்க்கரையாக மாற்றுகின்றன. அதனால் ருசி ஏறுகிறது, சுடும்போது பொன்னிறம் பிடிக்கிறது. ஒரு நாள் வைத்தது நன்று, மூன்று நாள் வைத்தது அதனினும் நன்று, அதற்குமேல் புளிப்பு. நெடுநாள் வேண்டுமானால் பிரீசரில் மைனஸ் 18 டிகிரியில் இரண்டு மூன்று மாதம் வைக்கலாம். சுடுவதற்கு முந்தின இரவு பிரீசரிலிருந்து பிரிட்ஜுக்கு இறக்கிவிட வேண்டும். இவையெல்லாம் உண்மைதான். ஆனால் இந்த உண்மைகளை அவர் சொல்லத் தொடங்கினால், நாளைக்கு வைத்திருந்த மாவு இன்றைக்கே பதமாகிவிடும்.

அவருடைய வீட்டு அம்மையாருக்கு இவற்றில் ஒன்றும் அதிசயமாகப் படவில்லை. "நானும் முப்பது வருஷமா அரைச்சு வெச்சுட்டுத்தான் தூங்கறேன். என் மாவுக்கு ஈஸ்டும் கிடையாது, தராசும் கிடையாது. காலையில் தானே பொங்கி நிக்குது" என்பார். "அது காட்டு மாவு, இது படித்த மாவு" என்று முசியே பதில் சொல்வார். இந்த விவாதத்தின் பயனாக பிரிட்ஜில் எல்லை வரையறுக்கப்பட்டது: மேல்தட்டு பிரெஞ்சுப் பிரதேசம்; கீழ்த்தட்டில் இட்லி மாவுப் போகணியும் கீரைக்கட்டும்; பிரீசரில் மட்டும் கொடுவா மீனும் பீட்சா உருண்டையும் கூட்டாட்சி. தமிழ்நாட்டு மாவட்டங்கள் சூழ்ந்திருக்க நடுவே காரைக்கால் தனியே இருப்பதுபோல, மீன் பொட்டலங்கள் சூழ்ந்திருக்க நடுவே ஒரு டப்பா தனியே இருக்கும்.

இத்தனையும் படித்த பிறகு, அவர் வீட்டில் பீட்சா சாப்பிட்டவர்கள் எத்தனை பேர் என்று கேட்கத் தோன்றும். அங்கேதான் விசேஷம். அவர் வீட்டில் மாவு எந்நாளும் உண்டு, பீட்சா எந்நாளும் கிடையாது. ஞாயிறன்று போனால், "அடடா, நேற்றுதான் பிசைந்தேன், செவ்வாய்க்கிழமை வந்தால் பதமாயிருக்கும்" என்பார். செவ்வாயன்று போனால், "பேரன் பாரீசிலிருந்து வருகிறான், அதற்காகப் பிரீசரில் ஏற்றிவிட்டேன்" என்பார். உடனே மூடியைத் திறந்து, உருண்டையை விரலால் மெல்ல அமுக்கிக் காட்டுவார், பள்ளம் மெதுவாக மேலெழுந்து சமமாவதை நாமும் அவரும் குனிந்து பார்ப்போம், மூடிவிடுவார். வந்தவர்க்குக் காபி கிடைக்கும். எதிர்பாராத விருந்தாளிக்காகவே இந்த ஏற்பாடெல்லாம் என்று அவர் சொல்வது பொய்யல்ல. எதிர்பாராத விருந்தாளியும் இரண்டு நாள் முன்னதாகத் தகவல் கொடுத்துவிட்டு வரவேண்டும் என்பதுதான் அவருடைய அபிப்பிராயம்.

அப்படிப்பட்ட மாவுக்கும் ஒரு மாங்கனித் திருவிழாவன்று விமோசனம் பிறந்தது. ஆனிப் பௌர்ணமி, பிட்சாடனர் வீதியுலா வரும்போது மாடிகளிலிருந்து ஜனங்கள் மாம்பழத்தை வாரி இறைக்கும் நாள். வீதி நிறைய வெளியூர்க் கூட்டம். முந்தின இரவே போன மின்சாரம் விடிந்தும் வரவில்லை. பேரன் வியாழக்கிழமை வருவதை உத்தேசித்து 12 உருண்டைகள் உள்ளே இருந்தன. பத்து மணிக்கு முதல் மூடி "டப்" என்று திறந்துகொண்டது; பதினோரு மணிக்குள் உருண்டைகள் ஒவ்வொன்றாகத் தலையைத் தூக்கி, கீழ்த்தட்டுக்கு வழிந்து, எல்லை உடன்படிக்கையை மீறிப் போகணியைத் தொட்டுவிட்டன. ஓவன் மின்சாரத்தில் ஓடுவது. முசியே நெற்றியில் கை வைத்து நாற்காலியில் சாய்ந்தார்.

அம்மையார் சாயவில்லை. கேஸ் அடுப்பில் தோசைக்கல்லை ஏற்றி, ஓர் உருண்டையைத் தட்டிப் போட்டு, மேலே மத்தியானத்துக்கென்று வைத்திருந்த தக்காளித் தொக்கைத் தடவி, இளகிக் கொண்டிருந்த சீஸைத் தூவி, சட்டி ஒன்றைக் கவிழ்த்து மூடினார். அடி மொறுமொறுத்தது, விளிம்பு உப்பியது, வாசனை வாசலுக்குப் போயிற்று. வாசலில் கூட்டம் இருந்தது, பிறகு கேட்பானேன்! பக்கத்து வீட்டு வாண்டு ஒருவன் தான் பிடித்த மாம்பழத்தில் ஒரு துண்டை அதன்மேல் வைத்துத் தின்றபோது மட்டும் முசியே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பதினொன்று தீர்ந்தபின், தமக்கென்று மிச்சம் வைக்கச் சொன்ன உருண்டை எங்கே என்று அவர் கேட்டார். "கோயிலுக்கு வந்த பெரியவர் ஒருத்தர் பசின்னு நின்னாருங்க, சுட்டுக் குடுத்துட்டேன்" என்றார் அம்மையார். பாரதியார் சாலையில் கோயில் கொண்டிருக்கும் காரைக்கால் அம்மையார், கணவன் வாங்கி அனுப்பிய இரண்டு மாங்கனிகளில் ஒன்றை, கறி ஆக்கியாவதற்கு முன் வந்து நின்ற சிவனடியாருக்குச் சோற்றோடு படைத்துவிட்ட கதை ஊரில் குழந்தைக்கும் தெரியும். அன்று கணவன் பரமதத்தன் அந்த இரண்டாவது கனியைக் கேட்டான். முசியே கேட்கவில்லை, மறுநாள் காலை தராசைத் துடைத்து வைத்துக்கொண்டு மறுபடி 1 கிலோ மைதா நிறுத்தார்.

நாளைக்கென்று எடுத்து வைத்த பண்டம் யாருடையது என்ற வழக்கு காரைக்காலில் மிகப் பழையது. வாசலில் முதலில் வந்து நின்றவர் பக்கமே தீர்ப்பாகியிருக்கிறது. அதன்மேல் இதுவரை அப்பீல் இல்லை.