சர்க்கரா சங்கோசம்: மாத்தளைக் கரட் கேக் குறித்து ஓர் ஆராய்ச்சி

தீர்வு காணாத மகா பிரச்சினைகள் பல உலகத்தில் இருக்க, கரட் கேக்கில் சீனியைக் குறைப்பது எங்ஙனம் என்னும் விசாரத்தை மாத்திரம் வித்துவான்கள் அடுக்களைக்கே விட்டுவிட்டு அலட்சியமாக இருந்தமை விசனிக்கத்தக்கது. அக்குறையை நிவர்த்திப்பதற்கு மாத்தளையினும் உகந்த ஸ்தலம் இல்லை: கறுவாவும் சாதிக்காயும் கராம்பும் வீட்டு வளவிலேயே விளைய, கரட்டோ நுவரெலியாவிலிருந்து புறப்பட்டு, சில வேளை எம்மூரைத் தாண்டித் தம்புள்ளை மொத்தச் சந்தைவரை யாத்திரை போய்த் திரும்புவதால், நம்மிடம் சேரும்போது அதிதியின் அந்தஸ்தைப் பெற்றுவிடுகிறது.

கரட்டே இனிப்பாயிற்றே, சீனி எதற்கு என்பது பூர்வபட்சம். 1940 முதல் சீனிக்குப் பங்கீடு கண்ட இங்கிலாந்துக்காரர் கரட்டைத் துருவிப் போட்டுப் பலகாரம் செய்ததை அவ்வாறு வாதிப்போர் பிரமாணமாகக் காட்டுவர். யுத்தகாலத்தில் மனிதர் எதையும் இனிப்பென்பர். 100 கிராம் கரட்டில் இனிப்பு ஏறக்குறைய 5 கிராமே. 200 கிராம் துருவினாலும் இரண்டரைத் தேக்கரண்டிச் சீனிக்கு மேல் தேறாது. மிச்சம் பெரும்பாலும் ஜலம்.

ஆயினும் அந்த ஜலமே சித்தாந்தத்துக்கு ஆதாரம். சீனியானது நாவுக்கு மாத்திரம் சேவகம் செய்வதன்று. ஈரத்தைப் பிடித்துவைத்து, கோதுமை மாவின் இழுவை மிஞ்சாமல் தடுத்து, போறணையில் மேற்புறம் சிவக்கவும் துணைபுரிவதாதலின், அதனை முற்றும் நீக்கியவர் கேக்கென்று இறக்குவது வெளுத்த செங்கல்லையே. சீனி 200 கிராம் என்றிருக்கும் இடத்தில் மூன்றிலொரு பங்கைக் கழித்தால், இழந்த ஈரத்தைக் கரட்டும் எண்ணெயும் ஈடுசெய்யும். இழந்த இனிப்பைக் கறுவா ஈடுசெய்யும், ஏனெனில் பலகாரங்களோடு அவ்வாசனையைப் பழகிய மூக்கு, வாசனை வந்தவுடனே இனிப்பும் வந்ததாக நாவுக்குச் சாட்சி சொல்லிவிடுகிறது. கறிக்கும் கறுவா போடும் நம்மூரில் இச்சாட்சி சற்றுப் பலவீனமானதே; ஆகவே, வட்டிலப்பத்தில் பழகிய சாதிக்காயையும் ஏலத்தையும் துணைச் சாட்சிகளாக அழைத்தல் உசிதம். கித்துள் கருப்பட்டியைக் கொட்டிவிட்டு, சீனியே இல்லை என்று மார்தட்டுவோரும் உளர். அது வேஷம் மாற்றிய சீனி. ருசிக்காகச் சேர்க்கலாம், புண்ணியத்துக்காக அன்று.

இனி எஞ்சுவது ஒரே தோஷம், அது கேக்கினுடையதன்று. சீனி குறைத்திருக்கிறோம் என்று முன்கூட்டியே அறிவிக்கும் வீட்டில், மாமி முதல் துண்டை வாயில் வைக்குமுன்னரே முகத்தைச் சுளிப்பார். மௌனம் காத்த வீட்டில் அதே மாமி இரண்டாம் துண்டுக்குத் தட்டை நீட்டுவார். ஆதலால், இதனைப் பரீட்சிக்க விரும்பும் வாசகர்கள் அளவைத் தங்கள் சமையற் கொப்பியில் எழுதிவைக்கட்டும். தட்டுக் காலியாகும்வரை யாரிடமும் மூச்சுவிட வேண்டாம்.