புக்கையும் புத்தகமும்: கேள்வி - பதில்

வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலில் கடல்தண்ணீரில் விளக்கு எரிகிறதாமே! விஞ்ஞானம் என்ன சொல்கிறது? (மாங்குளம்)

உப்புத் தண்ணீர் எரியும் என்று எந்த இரசாயன வாத்தியாரும் சொல்லமாட்டார். சடங்கை ஆராயப் போகிறவர் திரியை மோந்து பார்ப்பதை விட்டுவிட்டு, அந்தத் தண்ணீர் வந்த வழியைப் பார்த்தால் பிரயோசனம் உண்டு. வைகாசிப் பொங்கலுக்கு ஒரு கிழமை முந்திச் சிலாவத்தைத் தீர்த்தக்கரையில் அள்ளுகிறார்கள். முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் அதை வைத்து விளக்கேற்றுகிறார்கள். பிறகு திங்கட்கிழமைப் பொங்கலுக்கு வற்றாப்பளை போகிறது. கடற்கரை ஊர் கொடுத்ததை வயற்கரை ஊர் காத்து, நந்திக்கடல் ஓரத்தில் ஒப்படைக்கிறது. இந்த மூன்று ஊராரையும் வேறெந்தக் கூட்டத்திலாவது ஒரு மணித்தியாலம் ஒன்றாக இருத்திப் பாருங்கள், தெரியும்.

மதுரையை எரித்தவள் முல்லைத்தீவுக்கு ஏன் வந்தாள்? (புதுக்குடியிருப்பு)

சூடு ஆற. ஊர்க்கதையைக் கேளுங்கள். மாடு மேய்த்த பொடியன்களிடம் ஒரு கிழவி வந்து பசிக்கிறது என்றாள். புக்கை பொங்கிக் கொடுத்தார்கள். பொழுதுபட விளக்குக் கேட்டாள். எண்ணெய் இல்லை என்றதும் கடல்தண்ணீரை ஊற்றச் சொன்னாள். அதோடு விட்டாளா? தலை கடிக்கிறது, பேன் பார் என்றாள். பொடியன் மயிரை விலக்கினால் தலை முழுக்க ஆயிரம் கண்!

பேராசிரியர்கள் இதைச் சிலப்பதிகாரத்தில் தேடினால் கிடைக்காது. எனக்கு முழுக் கதையிலும் பிடித்தது அந்தப் பேன்தான். ஒரு நகரத்தையே கொளுத்திய தெய்வத்தை நம்மவர்கள் நிழலில் இருத்தி, சோறு கொடுத்து, தலையும் பார்த்துவிட்டார்கள். பிள்ளைக்குக் கொப்புளம் போட்டால் இன்றைக்கும் ‘அம்மாள் வருத்தம்’ என்கிறோம். வேப்பிலை செருகிக் குளிரப்பண்ணுகிறோம். இளங்கோவடிகள் விட்ட இடத்திலிருந்து எங்கள் ஆச்சிமார் எழுதிக்கொண்டு போகிறார்கள்.

நாவலர் பெருமானே கண்ணகி வழிபாட்டை ஒப்பவில்லையே? (கிளிநொச்சி)

ஒப்பவில்லைத்தான். சமணச் செட்டிப் பெண்ணுக்குச் சைவர் பொங்குவதா என்பது அவர் கோபம். யாழ்ப்பாணத்தில் பல கண்ணகி கோயில்கள் பிறகு இராஜராஜேஸ்வரி, புவனேஸ்வரி என்று பெயர் மாறின. ஒரு விஷயம்: நாவலர் காலமானது 1879இல். உ.வே.சா. சிலப்பதிகாரத்தை உரையோடு முழுநூலாக அச்சேற்றியது 1892இல். புத்தகம் வந்ததும் படித்தவர்களுக்குக் கண்ணகி தமிழ்ப் பெருமை ஆனாள். வற்றாப்பளையார் அச்சுக்கும் காத்திருக்கவில்லை, அனுமதிக்கும் காத்திருக்கவில்லை.

சிங்களவரின் பத்தினி தெய்யோவும் நம் கண்ணகியும் ஒருவர்தானா? (வவுனியா)

ஒருவர்தான், வீடு இரண்டு. சிலப்பதிகாரம் கண்ணகிக்குச் சேரன் எடுத்த விழாவில் இலங்கை மன்னன் கயவாகுவை நிறுத்துகிறது. சிங்கள இராஜாவலிய அவன் பத்தினியின் சிலம்பைக் கொண்டுவந்ததாகச் சொல்கிறது. மகாவம்சமோ இதைப்பற்றி மூச்சு விடவில்லை. கணநாத் ஒபயசேகர 1984இல் பத்தினி வழிபாட்டைப் பற்றி ஒரு பெரும் நூல் எழுதி, கயவாகு கதையை வரலாறாக எடுக்கக்கூடாது, புராணமாகப் படிக்கவேண்டும் என்றார். நானும் அவர் கட்சி. ஒரு ராசா கப்பலில் ஏற்றித்தான் ஒரு தெய்வம் வரவேண்டுமா? கும்பிடுகிற சனம் வந்தால் போதாதா?

சமயச் சடங்குகளை ஆராய விருப்பம். எந்தப் புத்தகத்தில் தொடங்கலாம்? (ஒட்டுசுட்டான்)

ஜே.பி. லூயிஸ் 1895இல் எழுதிய வன்னி மாவட்டக் கைந்நூல் ஒன்று. ஹென்றி பார்க்கரின் ‘பண்டைய இலங்கை’, 1909, இன்னொன்று. பார்க்கர் நீர்ப்பாசன எஞ்சினியர். குளம் அளக்க வந்தவர் தெய்வங்களையும் அளந்தார். காட்டுவழி போகிறவர்கள் ஒரு குழையை முறித்துக் கிளையில் தொங்கவிட்டு ஐயனாரைக் கும்பிடுவார்களே, அதையும் எழுதிவைத்தார். ஐயர் இல்லை, மந்திரம் இல்லை, தட்சணையும் இல்லை. இப்படியொரு பூசைக்கு ஆகமத்தில் பக்கம் தேடாதீர்கள்.

எந்த மரத்துக் குழை விசேஷம்? (மேற்படி வாசகரே, மறு கடிதத்தில்)

கையெட்டுகிற மரத்துக் குழை. யானை நடமாடுகிற காட்டில் நின்று தெரிவு செய்து கொண்டிருப்பீர்களா?