கடைசி ஆணி இறங்கியபின் வருபவர்

டெக் அடித்து முடித்து, மேலே கதிரை போட்டு, பாபிகியூவில் கோழி வேகத் தொடங்கும் நேரம் பார்த்து இந்த அண்ணை வந்துவிடுவார். ஸ்காபரோவில் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார். மார்க்கம் பக்கம் வீடு வாங்கிப் போனவர்களுக்கு இரண்டு பேர்.

பலகையைப் பார்க்க மாட்டார். படியைப் பார்க்க மாட்டார். நேரே குந்தியிருந்து ஓர் ஆணித் தலையைப் பெருவிரலால் தடவுவார். நாக்கை நீட்டச் சொல்லிவிட்டு வைத்தியர் போடுவாரே, அப்படி ஒரு ‘ம்ம்’. பிறகு கார்த் திறப்பை எடுப்பார். அதில் ஒரு சின்னக் காந்தம் தொங்கும்.

“தம்பி, உது ஒட்டுது.”

ஒட்டினால் ஸ்டெயின்லெஸ் இல்லையாம். பக்கத்து ஆணிக்கு நகர்வார். “உதுவும் ஒட்டுது.” ஒரே பெட்டியில் வந்த ஆணிகள், வேறென்ன செய்யும்? அவர் விட மாட்டார். வரிசை வரிசையாகக் குந்தியபடியே போவார். கதிரையில் இருப்பவர்கள் காலைத் தூக்கிக்கொள்ள வேண்டும். கோழியைத் திருப்ப நீங்கள் எழும்பினால், “இஞ்ச வந்து பாரும்” என்று குரல் வரும்.

காந்தத்தை நம்பித் தீர்ப்பு எழுதவும் முடியாது. ஸ்டெயின்லெஸ் ஆணியிலும் சிலது, அடித்து உருவாக்கும்போது கொஞ்சம் காந்தத்துக்கு இழுபடும். பூச்சுப் பூசிய டெக் ஆணியோ நன்றாகவே ஒட்டும், ஆனாலும் மருந்தேற்றிய பலகைக்கு அது போதும். இதை அண்ணையிடம் சொல்லிப் பாருங்கள், 2003-க்குப் போய்விடுவார். அந்த வருட முடிவோடு வீட்டுப் பலகைக்கு ஆர்செனிக் மருந்து ஏற்றுவது நின்றது. பதிலுக்கு வந்த மருந்துகளில் செம்பு கூட. மெல்லிய துத்தநாகப் பூச்சை அது தின்றுவிடும். சீடர் பலகை என்றால் மரத்தின் துவரும் இரும்பும் சேர்ந்து ஆணியடியில் கறுப்பாக வழியும். அவர் சொல்வது முழுக்கச் சரி. எரிச்சலே அதுதான்.

சதுரக் குழி ஆணியைத் தொட்டாரோ, இரவுச் சாப்பாடும் உங்கள் வீட்டில்தான். 401-இல் போனால் வருகிற மில்ட்டனில் 1908-இல் அந்த ஆணிக்குத் தொழிற்சாலை போட்ட றொபேட்சன், ஃபோர்ட் கேட்டும் உரிமத்தைக் கொடுக்காத கதையை, பேச்சுவார்த்தையில் பக்கத்துக் கதிரையில் இருந்தவர்போலச் சொல்வார். அதைமட்டும் எத்தனை தரமும் கேட்கலாம். அப்போது மனுசனின் முகத்தில் ஒரு வெளிச்சம்.

சரி, இவ்வளவும் தெரிந்தவர் டெக் அடிக்கத் தொடங்கிய மே மாதம் எங்கே இருந்தார்? கடையில், சுவர் முழுக்க அடுக்கிய ஆணிப் பெட்டிகளுக்கு முன்னால் நின்று அழைத்தால் எடுக்க மாட்டார். எடுத்தால், “நல்லதாப் பாத்து எடும் தம்பி” என்று வைத்துவிடுவார். எது நல்லது என்றுதானே, அண்ணை, கேட்டது! சீடருக்கு ஸ்டெயின்லெஸ், மருந்துப் பலகைக்குப் பூச்சுப் பூசினது, இல்லையென்றால் உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுத்தது, ஓர் அங்குலத் தடிப்புக்கு இரண்டரை அங்குல ஆணி, ஒன்றரைக்கு மூன்று. அரை நிமிடப் பேச்சு. அதைச் சொல்ல அவருக்குக் கையில் கோழிக்கால் வேண்டியிருக்கிறது.