விரல் தொட்ட பள்ளம்

எண்பதுகளின் கடைசியில் திருநெல்வேலியில் பழைய புல்லட் வாங்கியவன், வண்டியோடு சேர்த்து ஒரு மெக்கானிக்கையும் தேடிக்கொள்ள வேண்டியிருந்தது. எனக்குப் பாளையங்கோட்டையில் ஓர் அண்ணாச்சி வாய்த்தார். வேப்பமரத்தடியில் தகரக் கொட்டகை, மண்ணெண்ணெய் ஊற்றிய தட்டு, ஒரு கையாள் பையன். பட்டறை அவ்வளவுதான்.

வண்டி திருவொற்றியூரில் செய்த 350. வலது காலில் கியர், மேலே ஒன்று, கீழே மூன்று. இடது காலில் பிரேக். 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ், இங்கிலாந்து ராயல் என்ஃபீல்டோடு கைகோத்துத் தொடங்கிய நிறுவனத்தின் தொழிற்சாலை அது. 1970-இல் இங்கிலாந்தில் உற்பத்தி நின்றுபோன பிறகும் இங்கே அதே இயந்திரம், பெரிய மாறுதல் இல்லாமல் வந்துகொண்டே இருந்தது. அதனால்தான் ஒரு வண்டியில் கழற்றிய பாகம் பல வருடம் இளைய இன்னொரு வண்டியில் பொருந்தியது. சென்னை புதுப்பேட்டைக்கு ஆள் அனுப்பிப் பாகம் வாங்கிவர முடிந்தது.

என் வண்டியின் கிளட்ச் உதற ஆரம்பித்தது. முதல் கியரைப் போட்டு லீவரை எவ்வளவு மெதுவாக விட்டாலும், பாதி தூரம் ஒன்றும் நடக்காது. அப்புறம் ஒரே தூக்காகத் தூக்கி வண்டி முன்னே பாயும். ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலத்தின் ஏற்றத்தில் முன்னால் ஒரு பஸ் நின்று நின்று நகர்ந்தால், பின்னால் உட்கார்ந்திருக்கும் அம்மா என் சட்டையை இறுகப் பிடித்துக்கொள்வார்.

கிளட்ச் பிளேட்டை மாற்றச் சொல்லி வண்டியை நிறுத்தினேன். அண்ணாச்சி ஸ்பேனரைத் தொடவில்லை.

“தம்பி, கிளட்ச்சு வழுக்குதா, விடமாட்டேங்குதா, தூக்கி அடிக்குதா? முதல்ல அதச் சொல்லுங்க. மூணும் மூணு சீக்கு.”

இன்றுவரை இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. எஞ்சின் இரைந்தும் வண்டி ஓடவில்லை என்றால் வழுக்கல். தேய்ந்த பிளேட்டோ தளர்ந்த ஸ்பிரிங்கோ காரணமாக இருக்கலாம். லீவரை முழுக்கப் பிடித்த பிறகும் வண்டி ஊர்ந்தால், நியூட்ரல் விழ மறுத்தால், பிளேட்டுகள் பிரியவில்லை. விடும்போது படிப்படியாகப் பிடிக்காமல் ஒரே மூச்சில் கவ்வுவது மூன்றாவது. இதில் பிளேட்டின் தேய்மானம் கடைசியில் பார்க்க வேண்டியது.

அவர் முதலில் லீவரைப் பிடித்து விட்டுப் பார்த்தார். பிறகு கேபிளின் மேல் முனையைக் கழற்றி, உள்கம்பியை விரலால் இழுத்தார். துரு ஏறிய கேபிள் பாதி வழியில் சிக்கிச் சட்டென்று விடும். கை மெதுவாக விட்டாலும் கிளட்ச்சுக்கு அந்த மெதுவு போய்ச் சேராது. என் கேபிள் நன்றாகத்தான் இருந்தது. அடுத்து பின் சக்கரத்தைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தார். புல்லட்டின் பின் ஹப்புக்குள் ரப்பர் கட்டைகள் உண்டு, இழுவையின் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ள. அவை நைந்துபோனாலும் புறப்படும்போது வண்டி உதறும். பழி கிளட்ச் மேல் விழும். பிறகு பிரைமரி செயினின் தொய்வு. இடது பக்கக் கவரில் உள்ள மூடியைத் திறந்து விரல் விட்டுப் பார்த்தார். கால் அங்குலம் ஆடலாம், அதற்கு மேல் ஆடினால் அதுவும் இழுத்து அடிக்கும். எல்லாம் சரியாக இருந்தது. அதற்குப் பிறகுதான் ஆயிலை வடித்தார், ஃபுட்ரெஸ்ட்டைக் கழற்றினார், அந்தப் பெரிய கவரைப் பிடித்திருக்கும் ஒற்றை நட்டைத் திருகினார்.

பிளேட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் வரிசையாக வைத்தார். இரும்புப் பிளேட்டுகளைக் கண்ணாடித் துண்டின் மேல் வைத்து, அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று குனிந்து பார்த்தார். வளைவு இல்லை. ஸ்பிரிங்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார். ஒன்று குட்டையாகிவிட்டால் பிரஷர் பிளேட் சாய்ந்து தூக்கும். ஒரு பக்கம் முன்னால் பிடிக்கும், மறுபக்கம் பின்னால். அவையும் ஒரே உயரம்.

பிறகு கிளட்ச் ஹவுசிங்கைத் துணியால் துடைத்து, என் ஆள்காட்டி விரலைப் பிடித்து அதன் காடிக்குள் வைத்து இழுத்தார். வழவழப்பாக இருக்க வேண்டிய ஓரத்தில் வரிசையாகப் பள்ளம் பள்ளமாக இடறியது.

“பிளேட்டோட காது அடிச்சு அடிச்சு விழுந்த பள்ளம், தம்பி. லீவர விடும்போது பிளேட்டு வழுக்கிட்டு வரணும். இங்க காது மாட்டிக்கிடுது. அப்புறம் குதிச்சு வருது. அதான் தூக்குது. புதுப் பிளேட்டு போட்டா அதுவும் இதே பள்ளத்துலதான் போய் விழும்.”

பள்ளம் ஆழமில்லை. சன்ன அரத்தால் காடிகளின் ஓரத்தைச் சமமாக்கினார். ஒன்றை அதிகம் தேய்த்தால் பளு மற்றவற்றின் மேல் ஏறிவிடும் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரே அளவு இழுப்பு. பிளேட்டுகளின் காதில் இருந்த பிசிறையும் எடுத்தார். பள்ளம் ஆழமாக இருந்திருந்தால் ஹவுசிங்கையே மாற்றியிருக்க வேண்டும், அரம் அங்கே உதவாது. அவர் என்னிடம் வாங்கியது கூலியும் ஆயில் காசும் மட்டும். பழைய பிளேட்டுகளே திரும்ப உள்ளே போயின. மேம்பாலத்தின் ஏற்றத்தில் வண்டி அசங்காமல் கிளம்பியது.

இப்போதைக்கு வருகிறேன். பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட்டுகளின் உற்பத்தி நின்று ஆண்டுகள் ஆகிவிட்டன. ராயல் என்ஃபீல்டின் புதிய தொழிற்சாலைகள் ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் ஓடுகின்றன. அன்று ஆள் அனுப்பி, பஸ் பார்சலுக்குக் காத்திருந்து வாங்கிய சாமான் இன்று போனில் தட்டினால் வாசலுக்கு வருகிறது. கிளட்ச் செட், ஸ்பிரிங் செட், கேபிள், ஹவுசிங் எல்லாமே கிடைக்கின்றன. இப்படி ஆயிலில் நனைந்தபடி ஓடும் ஈர கிளட்ச்சுக்கென்று 1998-லேயே ஜாஸோ என்ற ஆயில் தரம் வந்துவிட்டது. டப்பாவின் மேல் எம்.ஏ. என்று பார்த்து ஆயில் வாங்கலாம்.

என் அக்கா மகன் ஆசைப்பட்டு ஒரு பழைய புல்லட் வாங்கினான். அதற்கும் அதே உதறல். குளிரூட்டிய வரவேற்பறை உள்ள ஒரு வொர்க்‌ஷாப்பில் விட்டான். பிளேட் செட், ஸ்பிரிங், கேபிள் மூன்றையும் மாற்றிக் கொடுத்தார்கள். பில் பெரியது. உதறல் அப்படியே இருந்தது. திரும்பிப் போய்க் கேட்டதற்கு, “பழைய வண்டி சார், அப்படித்தான் இருக்கும்” என்று சொல்லியிருக்கிறார்கள்.

எனக்கு இதுதான் தாங்கவில்லை. சாமான் கிடைக்காத காலத்தில் சீக்கைக் கண்டுபிடித்தார்கள். சாமான் குவிந்து கிடக்கும் காலத்தில் சீக்கை யாரும் தேடுவதில்லை. அங்கே வேலை செய்யும் பையன்களைக் குறை சொல்லமாட்டேன். ஸ்கேனரைச் செருகிப் பிழை எண்ணைப் படிக்கக் கற்றுத் தந்திருக்கிறார்கள், அதை ஒழுங்காகச் செய்கிறார்கள். ஆனால் இந்த வண்டியில் ஸ்கேனரைச் செருக இடமே கிடையாது. புது வண்டியில் செருகினாலும் ஹவுசிங்கில் விழுந்த பள்ளத்தைச் சொல்லும் சென்சார் எதிலும் இல்லை. விரல்தான் சொல்ல வேண்டும், அந்த விரலை யாராவது ஒருவர் பிடித்து வைத்துக் காட்டியிருக்க வேண்டும்.

“மாமா, கவரக் கழட்டிருவோமா?” என்று மருமகன் கேட்டான். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டு முற்றத்தில் கழற்றினோம். கேபிள், ஹப் ரப்பர், செயின் என்று அதே வரிசையில் போனோம். புதுப் பிளேட்டுகளின் காதில் அதற்குள் பிசிறு கட்டியிருந்தது. ஹவுசிங்கின் பள்ளம் அரத்துக்குள் அடங்காத ஆழம். புது ஹவுசிங் வரவழைத்து மாட்டினோம். வண்டி இப்போது மெல்லப் பிடித்து மெல்ல நகர்கிறது. அதை அவனே ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து சொன்னான்.

பழைய வண்டி வைத்திருப்பவர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கிளட்ச் கவரைத் திறக்கும்போது வரவேற்பறையில் உட்காராதீர்கள். கிட்டே போய் நில்லுங்கள். பிளேட் மாற்ற வேண்டும் என்று சொன்னால், ஹவுசிங்கைத் துடைக்கச் சொல்லி உங்கள் விரலை வைத்துப் பாருங்கள். கூட உங்கள் பிள்ளையையும் கூட்டிப்போய், அவன் விரலையும் வைக்கச் சொல்லுங்கள்.