சரக்கு லாரியின் டீசல் குழாயில் தோன்றும் குறுகல்: தாமிரபரணிப் பாசன மரபின்வழி ஓர் அணுகுமுறை

1. முன்னுரை

தமிழில் இனி ஆய்வு செய்யப் பொருளே இல்லை என்று ஆய்வு மாணவர்கள் கலங்கி நிற்கும் காலம் இது. நண்டுக்கும் ஆம்பலுக்கும் பட்டம் கொடுத்தாயிற்று. ஆயினும் லாரியின் டீசல் டேங்கிலிருந்து பம்புக்குப் போகும், சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத குழாயை அறிஞர் எவரும் குனிந்து பார்த்ததாகத் தெரியவில்லை. குனிந்தால் சட்டையில் கறை படும் என்பது ஒரு காரணமாகலாம். அக்குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. முன்னோர் ஆய்வுகள்

திருநெல்வேலியின் வரலாற்றை 1881இல் நூலாக வெளியிட்ட கால்டுவெல், டீசல் குழாய் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. அவரைக் குறை சொல்வதற்கில்லை. 1858இல் பிறந்த ருடால்ப் டீசல் அப்போது இளைஞர். அவருடைய இஞ்சினுக்குக் காப்புரிமை கிடைத்ததே 1893இல்தான். அடுத்து, ஆதிச்சநல்லூர் அகழாய்வுகளில் முதுமக்கள் தாழிகளும் இரும்புக் கருவிகளும் வெண்கலப் பொருள்களும் பொன் நெற்றிப்பட்டங்களும் கிடைத்தன. டீசல் குழாய் கிடைக்கவில்லை. இதைக்கொண்டு பழந்தமிழர் பெட்ரோல் வண்டியே வைத்திருந்தனர் என்று துணிவது அவசரமாகும். இன்னும் தோண்ட வேண்டும்.

3. சிக்கலின் இயல்பு

தாழையூத்தில் சிமென்ட் ஏற்றிய லாரி தென்காசி வரை நல்ல பிள்ளையாக ஓடுகிறது. புளியரை தாண்டி ஆரியங்காவுக்கு மலையேறத் தொடங்கியதும் தளர்கிறது. ஆக்சிலேட்டரைத் தரையோடு மிதித்தாலும் வேகம் வருவதில்லை. “வண்டி இழுக்க மாட்டேங்கு அண்ணாச்சி” என்று ஓட்டுநர் மெக்கானிக்குக்குப் போன் போடுகிறார். இத்தொடரே நம் ஆய்வின் மூலபாடம்.

இதன் உரை எளிது. சமதரையில் இஞ்சின் கேட்கும் டீசல் கொஞ்சம்; அடைபட்ட குழாயும் அதைத் தந்துவிடும். பாரத்தோடு ஏறும்போது தேவை பல மடங்காகிறது. குழாயின் குறை அப்போதுதான் வெளிப்படுகிறது.

4. கொள்கைப் பள்ளிகள்

பட்டறை வட்டாரத்தில் நான்கு பள்ளிகள் உள்ளன. பம்புவாதிகள் எதற்கெடுத்தாலும் பம்பைக் கழற்றுவர். குழாய்வாதிகள் பெரிய குழாய் போட்டால் எல்லாம் தீரும் என்பர். போல்ட்வாதிகள் குழாயை மறுத்து, அதன் முனையில் இருக்கும் பேஞ்சோ போல்ட்டையே முதற்காரணமாகக் கொள்வர். நான்காமவர் மாயாவாதிகள்: குறை என்பதே கிடையாது, டிரைவருக்கு ஓட்டத் தெரியவில்லை என்பது இவர்கள் கொள்கை. இவர்கள் பெரும்பாலும் லாரி உரிமையாளர்கள்.

குழாய்வாதிகளுக்குக் கணிதம் துணை நிற்கிறது. ரத்தக் குழாய்களை மனத்தில் கொண்டு நுண்குழாய்களில் நீரோட்டத்தை அளந்த பிரெஞ்சு மருத்துவர் பாய்சொய், 1840ஐ ஒட்டி ஓர் உண்மையைக் கண்டார். சீராக ஓடும் திரவத்தின் அளவு, குழாய் விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப மாறும். உள்விட்டம் 8 மில்லிமீட்டராக இருந்த குழாயை 10 ஆக்கினால், அதே அழுத்தத்தில் ஓட்டம் ஏறத்தாழ 2.4 மடங்காகும்.

இவ்வளவு கணக்கும் போல்ட்வாதியிடம் செல்லாது. பேஞ்சோ போல்ட்டின் நடுவில் ஒரு துளை, பக்கவாட்டில் ஒரு துளை. டீசல் அதற்குள் நுழைந்து செங்குத்தாகத் திரும்பித்தான் வெளியேற வேண்டும். 10 மில்லிமீட்டர் குழாயை வாங்கி மாட்டிவிட்டு, இரு முனையிலும் பழைய சிறுதுளை போல்ட்டையே முடுக்குபவர் குழாய்க்குக் கொடுத்த காசு வீண்.

இன்னொரு நுட்பம் உண்டு. டேங்குக்கும் பீடு பம்புக்கும் இடையே டீசலை மேலே தள்ளுவது வெறும் காற்றழுத்தம்; அது சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோதான். பம்புக்குப் பிறகு அழுத்தத்தைக் கூட்டலாம். முன்னால் கூட்ட வழியில்லை. வழி குறுகினால் பம்பு இன்னும் வலுவாக உறிஞ்சும். தேய்ந்த செம்பு வாஷர் வழியே காற்று உள்ளே புகும். டீசல் வெளியே ஒழுகாததால் தரையில் தடயமும் இராது. ஏர் லாக் ஆன வண்டி மட்டும் நிற்கும்.

5. ஒப்பாய்வு

தாமிரபரணியில் கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள். கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் இப்பகுதி விவசாயி தலைவாய்க்காலை அகலப்படுத்தச் சொல்வதில்லை. வாய்க்காலோடு நடந்து, அமலைச் செடி எங்கே அடைத்திருக்கிறது என்று பார்க்கிறார். அதேசமயம், மடைவாய் சிறிதாக இருக்கிறதே என்று கடப்பாரை எடுப்பதும் இல்லை. அந்தச் சிறுமை கணக்கோடு வைத்தது.

ஆகவே குறுகல் இருவகைப்படும்: வைத்த குறுகல், வந்த குறுகல். இன்ஜெக்டர் நாசிலின் துளை மில்லிமீட்டரில் சிறு பகுதியே. டீசல் புகைபோலச் சிதறுவதற்காக வைத்த குறுகல் அது. அதில் கைவைத்தால் கரும்புகையும் வீண் செலவும்தான் மிச்சம். டேங்கிலுள்ள உறிஞ்சுகுழாயின் வலையில் படிந்த கசடு, நசுங்கிய குழாய், உள்ளே உரிந்த ரப்பர், நாள்பட்ட ஃபில்டர் ஆகியவை வந்த குறுகல்கள். நீக்க வேண்டியவை இவையே.

6. சோதனை முறை

பம்புக்கு முன்னால் சிறிதளவு கண்ணாடி டியூப் இணைத்து இஞ்சினை முடுக்கினால் குமிழிகள் தெரியும். குமிழி ஓடினால் காற்று புகுகிறது. பிறகு டேங்கைத் தவிர்த்து, ஒரு கேனிலிருந்து நேராகப் பம்புக்கு டீசல் கொடுக்க வேண்டும். குமிழி நின்றால் குற்றவாளி கேனுக்கும் பம்புக்கும் இடையே இல்லை. பழைய வழித்தடத்தில் இருக்கிறான். பம்புவாதிகள் இச்சோதனையை விரும்புவதில்லை. பம்பைக் கழற்றும் வாய்ப்பு போய்விடுகிறது.

7. முடிவுகள்

அ) ஓட்டத்தை முதலில் கட்டுப்படுத்துவது மிகக் குறுகிய இடமே, அதை விட்டுவிட்டு மற்றவற்றை அகலமாக்குவது வீண்.

ஆ) குழாயை மாற்றுபவர் போல்ட்டையும் செம்பு வாஷரையும் சேர்த்து மாற்றுக. பழைய வாஷரையே போட நேர்ந்தால் பழுக்கக் காய்ச்சி இளக்கிய பிறகு போடுக.

இ) 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ். 6 வண்டிகளில், காமன் ரெயில் அமைப்பில் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு ஆயிரம் கிலோவைத் தாண்டும். அவற்றில் இஷ்டத்துக்குக் குழாய் மாற்றுவது ஆராய்ச்சி ஆகாது, விபரீதம்.

ஈ) நான்கு பள்ளியினரும் வாதத்துக்கு உட்காரும் முன் புது ஃபில்டர் ஒன்றை மாட்டிப் பார்க்கவும். அதோடு வண்டி இழுத்துவிட்டால், இக்கட்டுரையின் மற்றப் பகுதிகளைப் படிக்கத் தேவையில்லை.